எட்டாவது சட்டம்

1976 நவம்பர் 18, முன்னிரவு நேரம். மாட்ரிட்டில் ஸ்பெயின் நாடாளுமன்றமான கோர்த்தெஸில் பெயர் வாசிப்பு தொடங்கியது. பெயர் கூப்பிட்டதும் உறுப்பினர் எழுந்து நின்று 'ஆம்', 'இல்லை', 'விலகுகிறேன்' என்ற மூன்றில் ஒன்றை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ரகசிய வாக்கெடுப்பு கிடையாது. யார் என்ன சொன்னார்கள் என்பது ஊருக்கே தெரிந்துவிடும்.

எழுந்து நின்றவர்களில் படைத்தளபதிகள் இருந்தார்கள், ஆயர்கள் இருந்தார்கள், நகர மேயர்களும் அரசு நடத்திய தொழிற்சங்கத்தின் நிர்வாகிகளும் இருந்தார்கள். கட்சிகள் போட்டியிட்ட தேர்தலில் வென்று அந்த அவைக்கு வந்தவர் ஒருவர்கூட இல்லை. பிராங்கோவின் ஆட்சி வார்த்து வைத்த மனிதர்கள் அவர்கள். பிராங்கோ இறந்து ஓராண்டு நிறைய இன்னும் இரண்டு நாள் பாக்கி இருந்தது. அவர்கள் முன் வைக்கப்பட்டிருந்த மசோதா நிறைவேறினால் அந்த அவை கலைந்துவிடும். அதன் இடத்தில் எல்லா மக்களும் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஈரவை நாடாளுமன்றம் வரும்.

531 உறுப்பினர்களில் 425 பேர் 'ஆம்' என்றார்கள். 59 பேர் 'இல்லை' என்றார்கள். 13 பேர் விலகி நின்றார்கள். ஸ்பானியப் பத்திரிகைகள் இதற்கு ஜப்பானிய மொழியிலிருந்து ஒரு பெயரைக் கடன் வாங்கின: ஹராகிரி. தன் வயிற்றைத் தானே கிழித்துக்கொள்வது.

பக்கத்து நாடான போர்ச்சுகலில் இரண்டாண்டுகளுக்கு முன்புதான், 1974 ஏப்ரல் 25 அன்று, இளம் ராணுவ அதிகாரிகள் ஒரே நாளில் சர்வாதிகாரத்தைக் கவிழ்த்திருந்தார்கள். ஸ்பெயினில் எதுவும் கவிழவில்லை. அங்கே சர்வாதிகாரம் தன் சொந்தச் சட்டப் புத்தகத்தைத் திறந்து, அதில் திருத்தம் செய்யும் விதியைத் தேடி எடுத்து, அந்த விதியின்படியே தன்னை முடித்துக்கொண்டது. ஸ்பெயின் அடைந்த ஜனநாயகத்தின் பலம் இந்த வழிமுறையில் இருக்கிறது. அரை நூற்றாண்டு கழித்தும் அது தீர்க்க முடியாமல் தவிக்கும் கடனும் இதே வழிமுறையில்தான் இருக்கிறது.

இறுகக் கட்டிய முடிச்சு

1936 ஜூலையில் குடியரசுக்கு எதிராக ராணுவக் கலகம் வெடித்தது. 1939 ஏப்ரல் 1 அன்று உள்நாட்டுப் போர் முடிந்ததாக பிராங்கோ அறிவித்தார். போருக்குப் பின்னும் சுட்டுக்கொல்லுதல் தொடர்ந்தது. லட்சக்கணக்கானோர் பிரான்சுக்கும் மெக்சிகோவுக்கும் ஓடினார்கள். கட்சிகளும் சுதந்திரத் தொழிற்சங்கங்களும் தடை செய்யப்பட்டன. கட்டலான், பாஸ்க் மொழிகள் பள்ளியிலிருந்தும் அலுவலகத்திலிருந்தும் விரட்டப்பட்டன.

ஆனால் பிராங்கோ வெறும் துப்பாக்கியை மட்டும் நம்பி ஆண்டவர் அல்லர். அவர் ஆட்சிக்கு அரசியலமைப்புச் சட்டம் இல்லை. அதற்குப் பதிலாக 'அடிப்படைச் சட்டங்கள்' என்று ஏழு சட்டங்கள் 1938 முதல் 1967 வரை ஒவ்வொன்றாக வந்தன. 1947-இல் வந்த வாரிசுரிமைச் சட்டம் ஸ்பெயினை 'மன்னராட்சி' என்று அறிவித்தது. மன்னர் மட்டும் இல்லை. யார் மன்னர், எப்போது மன்னர் என்பதைத் தீர்மானிக்கும் உரிமையை பிராங்கோ தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். 1958-இல் வந்த இன்னொரு சட்டம், ஆளும் இயக்கத்தின் கொள்கைகள் 'நிரந்தரமானவை, மாற்ற முடியாதவை' என்று சொன்னது.

1969 ஜூலையில் அவர் வாரிசைத் தேர்ந்தெடுத்தார். கடைசி மன்னர் பதின்மூன்றாம் அல்போன்சோவின் மகன் தோன் ஹுவான் நாடு கடந்து வாழ்ந்துகொண்டிருந்தார். அவரைத் தாண்டி, அவருடைய மகன் ஹுவான் கார்லோஸுக்குப் பட்டம் என்றார் பிராங்கோ. பத்து வயதிலிருந்து ஸ்பெயினில், தன் கண்பார்வையில் வளர்ந்த பிள்ளை. அந்த ஆண்டிறுதி உரையில், எல்லாவற்றையும் கட்டி, நன்றாகக் கட்டி வைத்துவிட்டதாக நாட்டு மக்களிடம் சொன்னார்.

அந்த முடிச்சைக் காக்க வேண்டியவர் அட்மிரல் கரேரோ பிளாங்கோ. 1973 ஜூனில் பிரதமரானார். டிசம்பர் 20 அன்று காலைத் திருப்பலி முடித்துத் திரும்பும்போது மாட்ரிட்டின் கிளாவ்தியோ கோயெயோ தெருவில் பாஸ்க் ஆயுதக் குழுவான எடா, அந்தத் தெருவுக்கு அடியில் சுரங்கம் தோண்டிப் புதைத்திருந்த வெடி வெடித்தது. அவருடைய கார் பறந்து, பக்கத்துக் கட்டடத்தின் கூரையைத் தாண்டி உள்முற்றத்துப் பக்கம் போய் விழுந்தது. பிராங்கோவுக்குப் பிறகும் பிராங்கோவின் ஆட்சி என்ற திட்டத்துக்கு இருந்த ஒரே உறுதியான ஆள் போய்விட்டார்.

மாறிப்போன நாடு

ஆளைவிட முக்கியமாக, நாடே மாறிப்போயிருந்தது. 1959-இல் அரசு தன் மூடிய பொருளாதாரத்தைத் திறந்துவிட்டது. அறுபதுகளில் ஆண்டுக்குச் சராசரியாக 7 விழுக்காடு வளர்ச்சி. 1960-இல் சுமார் 60 லட்சமாக இருந்த வெளிநாட்டுப் பயணிகள் 1973-இல் 3 கோடியைத் தாண்டினார்கள். கிராமத்து ஆண்கள் ஜெர்மனிக்கும் சுவிட்சர்லாந்துக்கும் வேலைக்குப் போய், காசோடு வேறொரு வாழ்க்கையின் நினைவையும் கொண்டுவந்தார்கள். தவணையில் வாங்கிய சின்ன செயாத் 600 கார் நடுத்தரக் குடும்பத்தின் அடையாளமானது.

திருச்சபைகூட விலகத் தொடங்கியது. போரைச் 'சிலுவைப் போர்' என்று ஆசீர்வதித்த அதே திருச்சபையின் ஆயர்களும் குருக்களும் 1971-இல் கூடியபோது, போரில் சமாதானத்தின் ஊழியர்களாக இருக்கத் தவறியதற்கு மன்னிப்புக் கேட்கும் தீர்மானத்துக்குப் பெரும்பான்மையானோர் கை தூக்கினார்கள். தேவையான மூன்றில் இரண்டு பங்கு கிடைக்காததால் அது நிறைவேறவில்லை. தன்னைக் கத்தோலிக்க அரசு என்று சொல்லிக்கொண்ட அரசு, சமோராவில் எதிர்ப்புக் குரல் எழுப்பிய குருக்களுக்கென்றே ஒரு சிறை வைத்திருந்தது.

தொழிற்சாலைகளில் 'தொழிலாளர் குழுக்கள்' என்ற பெயரில் சட்டத்துக்கு வெளியே ஒரு தொழிற்சங்க இயக்கம் வளர்ந்தது. கம்யூனிஸ்டுகள் அதை அரசின் சங்கத் தேர்தல்களுக்குள்ளேயே நுழைத்துவிட்டார்கள். அதன் தலைவர் மார்செலினோ கமாச்சோவுக்கு எதிரான வழக்கு விசாரணை, கரேரோ பிளாங்கோ கொல்லப்பட்ட அதே நாள் காலையில் தொடங்கியது. கமாச்சோவுக்கு இருபதாண்டுச் சிறை.

1975 நவம்பர் 20 அன்று பிராங்கோ இறந்தார். பிரதமர் அரியாஸ் நவாரோ தொலைக்காட்சியில் தொண்டை அடைக்க அதை அறிவித்தார். இரண்டு நாள் கழித்து, இயக்கத்தின் மாற்ற முடியாத கொள்கைகளைக் காப்பேன் என்று உறுதிமொழி எடுத்து ஹுவான் கார்லோஸ் மன்னரானார். நாடு கடந்து வாழ்ந்த கம்யூனிஸ்டுத் தலைவர் சந்தியாகோ கரீயோ இவரை 'குறுகியகால ஹுவான் கார்லோஸ்' என்று கேலி செய்தார்.

அரியாஸ் நவாரோ ஜனநாயகம் மாதிரி ஏதோ ஒன்றைச் செய்து பார்க்க நினைத்தார். பிராங்கோவின் சாயலையும் விட மனமில்லை. தெரு காத்திருக்கவில்லை. 1976 ஜனவரியில் மாட்ரிட் மெட்ரோ நின்றது. மார்ச் 3 அன்று பாஸ்க் நகரமான விட்டோரியாவில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள் தேவாலயம் ஒன்றில் கூடியிருந்தபோது, காவலர்கள் உள்ளே கண்ணீர்ப்புகைக் குண்டு வீசி, மூச்சுத் திணறி வெளியே வந்தவர்களைச் சுட்டார்கள். ஐந்து பேர் மாண்டார்கள். மேலே அமர்ந்திருந்தவர்களின் ராஜதந்திரத்தை மட்டும் பேசும் வரலாறுகள் மறந்துவிடும் இடம் இது. தெருவால் ஆட்சியைக் கவிழ்க்க முடியவில்லை. ஆனால் பழைய மாதிரியே ஆள முடியாது என்பதைத் தெருதான் ஆட்சிக்குக் காட்டியது.

பூட்டுக்குள்ளேயே சாவி

மன்னர் தன் ஆளை ஏற்கெனவே உரிய நாற்காலியில் உட்கார வைத்திருந்தார். தொர்க்குவாத்தோ ஃபெர்னாண்டெஸ் மிராண்டா, அஸ்தூரியாஸைச் சேர்ந்த சட்டப் பேராசிரியர். இளவரசராக இருந்த ஹுவான் கார்லோஸுக்கு அரசியல் சட்டம் கற்பித்தவர். 1975 டிசம்பரில் கோர்த்தெஸின் தலைவரானார். அந்தப் பதவியோடு மன்னர் ஆலோசனை சபையின் தலைமையும் சேர்ந்தே வந்தது. பிரதமர் பதவிக்கு மூன்று பெயர்களை மன்னரிடம் கொடுக்கும் சபை அது.

மாணவருக்கு அவர் தந்த பாடம் இதுதான். 'மாற்ற முடியாத' கொள்கைகளைச் சொல்லும் சட்டமும் ஓர் அடிப்படைச் சட்டமே. அடிப்படைச் சட்டங்களைத் திருத்தவும் நீக்கவும் வழி வாரிசுரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது: கோர்த்தெஸில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு, பிறகு பொது வாக்கெடுப்பு. ஆகவே உறுதிமொழியை மீறாமலேயே எல்லாவற்றையும் மாற்றலாம். சட்டத்திலிருந்து சட்டத்துக்கு, சட்டத்தின் வழியாகவே போவது. பிராங்கோ கட்டிய முடிச்சை அவிழ்க்கும் நுனி அதிலேயே நீட்டிக்கொண்டிருந்தது.

1976 ஜூலை 1 அன்று அரியாஸ் நவாரோ ராஜினாமா செய்ய வைக்கப்பட்டார். ஆலோசனை சபை மூன்று பெயர்களை அனுப்பியது. இரண்டு பேர் பெயர் பெற்ற முன்னாள் அமைச்சர்கள். மூன்றாவது, யாரும் பெரிதாக எண்ணாத அடோல்ஃபோ சுவாரெஸ். வயது 43. ஆவிலா மாகாணத்துச் சிற்றூரில் பிறந்து, அரசுத் தொலைக்காட்சியின் இயக்குநராகி, ஆளும் இயக்கத்தின் பொதுச் செயலாளர் அமைச்சர் வரை ஏறியவர். மன்னர் மூன்றாவது பெயரைத் தொட்டார்.

ஜனநாயகவாதிகளுக்குத் தலையில் இடி. இரண்டு மாதம் முன்பு தொடங்கியிருந்த 'எல் பாயிஸ்' நாளிதழில் வரலாற்றாசிரியர் ரிகார்தோ தே லா சியேர்வா, இந்த நியமனம் பிரம்மாண்டமான தவறு என்று எழுதினார். அதே தே லா சியேர்வா 1980-இல் அதே சுவாரெஸின் அமைச்சரவையில் பண்பாட்டு அமைச்சராக உட்கார்ந்தார்.

சுவாரெஸிடம் கொள்கை விளக்கம் எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். அவருடைய திறமை வேறு. எதிரே இருப்பவரின் தோளில் கை போட்டு, சிகரெட் நீட்டி, 'உங்களுக்கு என்ன வேண்டும்?' என்று கேட்டு, பாதியைக் கொடுத்து முழுதும் கிடைத்தது போல் அனுப்பிவைக்கும் திறமை. ஆட்சிக்குள்ளேயே வளர்ந்ததால் அந்த 531 பேரில் யாருக்கு எது வலிக்கும், எது இனிக்கும் என்று தெரிந்தவர்.

அரசியல் சீர்திருத்தச் சட்டம் என்று பெயரிட்ட மசோதாவில் ஐந்தே விதிகள். கட்சிகள் பற்றியோ கம்யூனிஸ்டுகள் பற்றியோ பிராங்கோவின் ஆட்சியைக் கலைப்பது பற்றியோ ஒரு சொல்லும் கிடையாது. சட்டம் மக்களின் விருப்பம் என்றது. இரண்டு அவைகள் என்றது. அனைவருக்கும் வாக்குரிமை என்றது. கடைசி வரியில், இதுவும் ஓர் அடிப்படைச் சட்டம் என்றது. ஆக, ஏழோடு எட்டு.

அவையில் அதை முன்வைத்துப் பேச நிறுத்தப்பட்டவர்களில் ஒருவர் மிகேல் பிரிமோ தே ரிவேரா. ஸ்பெயினின் பாசிசக் கட்சியான ஃபலாங்கே இயக்கத்தைத் தொடங்கியவரின் சகோதரர் மகன். அந்தக் குடும்பப் பெயரைக் கேட்டுப் பழைய ஃபலாங்கேக்காரர்கள் எப்படி 'இல்லை' சொல்வார்கள்? அவைத் தலைவர் மிராண்டா மசோதாவை அவசர நடைமுறையில் எடுத்தார். குழுக்களில் போட்டு மாதக்கணக்கில் இழுத்தடிக்க வழியில்லாமல் போனது. முன்னாள் அமைச்சர் மானுவேல் ஃப்ராகாவின் மக்கள் கூட்டணி கடைசி நேரத்தில் பேரம் பேசியது. விகிதாசாரத் தேர்தல் வந்தால் கட்சிகள் சிதறிப்போகும் என்பது அவர்கள் வாதம். மாகாணமே தொகுதி, ஒவ்வொரு மாகாணத்துக்கும் குறைந்தபட்ச இடங்கள் என்று திருத்தம் சேர்த்து அவர்களை அரசு வசப்படுத்தியது. மக்கள் குறைந்த உள்நாட்டு மாகாணங்களுக்கு விகிதத்துக்கு மேல் இடம் கிடைக்கும் அந்த ஏற்பாடு இன்றும் தொடர்கிறது.

வேறொரு கணக்கும் ஓடியது. தேர்தல் வந்தாலும் ஊரில் தன்னைத்தான் தேர்ந்தெடுப்பார்கள் என்று அவையில் பலர் நம்பினார்கள். மன்னர் இதை விரும்புகிறார் என்பதும் எல்லோருக்கும் தெரியும். மேலிடம் சொன்னால் தலையாட்டிப் பழகிய அவை, மேலிடம் சொன்னதற்குக் கடைசியாக ஒருமுறை தலையாட்டியது.

டிசம்பர் 15 அன்று பொது வாக்கெடுப்பு. எதிர்க்கட்சிகள் வாக்களிக்க வேண்டாம் என்றன. 77 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் வாக்களித்தார்கள். அவர்களில் 94 விழுக்காட்டினர் 'ஆம்' என்றார்கள்.

புனிதச் சனிக்கிழமை

எல்லாம் கம்யூனிஸ்டுக் கட்சியில் வந்து முட்டியது. நாற்பதாண்டுப் பிரசாரத்தில் அதுதான் முதல் எதிரி. 1976 செப்டம்பரில் தளபதிகளைக் கூட்டிப் பேசியபோது, அந்தக் கட்சியின் அன்றைய அமைப்புவிதிகளோடு அதற்கு அங்கீகாரம் கிடைக்காது என்று சுவாரெஸ் சொல்லியிருந்தார். தளபதிகள் பின்பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டார்கள்.

1977 ஜனவரி 24 இரவு, மாட்ரிட்டின் அத்தோச்சா தெரு 55-ஆம் எண் கட்டடத்தில் தொழிலாளர் வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர்களின் அலுவலகத்துக்குள் தீவிர வலதுசாரிகள் துப்பாக்கியோடு புகுந்தார்கள். ஐந்து பேர் இறந்தார்கள். நான்கு பேர் காயமடைந்தார்கள். ராணுவத்தைத் தெருவுக்கு இழுக்க வேண்டும் என்றால் இதைவிட நல்ல தூண்டில் கிடையாது. இரண்டு நாள் கழித்து இறுதி ஊர்வலம். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். தடை செய்யப்பட்ட கட்சியின் தொண்டர்களே கூட்டத்துக்குக் காவல் நின்றார்கள். முழக்கம் இல்லை; ஒரு கல் பறக்கவில்லை. முஷ்டி மட்டும் உயர்ந்தது. நாட்டைக் கொளுத்தக் காத்திருப்பவர்கள் என்று நாற்பதாண்டுகளாகச் சொல்லப்பட்டவர்களை அன்றுதான் பல ஸ்பானியர்கள் நேரில் பார்த்தார்கள்.

பிப்ரவரி 27 அன்று மாட்ரிட்டுக்கு வெளியே ஒரு செய்தி நிறுவனத் தலைவரின் வீட்டில் சுவாரெஸும் கரீயோவும் ரகசியமாகச் சந்தித்தார்கள். இயக்கத்தின் முன்னாள் பொதுச் செயலாளரும், ஓராண்டு முன்பு பொய்முடி வைத்துக்கொண்டு நாட்டுக்குள் நுழைந்த கம்யூனிஸ்டும் மணிக்கணக்கில் புகைத்துத் தள்ளினார்கள். பேரம் சுருக்கமானது: மன்னரையும் சிவப்பு மஞ்சள் கொடியையும் கட்சி ஏற்க வேண்டும், அரசு கட்சியை ஏற்கும்.

ஏப்ரல் 9, ஈஸ்டருக்கு முந்தைய சனிக்கிழமை. விடுமுறையில் மாட்ரிட் காலி. படைமுகாம்களிலும் ஆள் குறைவு. நாள் பார்த்துத்தான் அறிவித்தார்கள். செய்தியைக் கையில் பிடித்தபடி ஓடிவந்து ஒலிவாங்கி முன் உட்கார்ந்த தேசிய வானொலிச் செய்தியாளருக்கு மூச்சு வாங்கி, வாக்கியம் பாதியில் நின்று நின்று வந்தது. கேட்டவர்கள் பதற்றம் என்று நினைத்தார்கள். உண்மையில் ஓட்டத்தின் இளைப்பு. கடற்படை அமைச்சர் ராஜினாமா செய்தார். ராணுவ உயர்சபை, இது தனக்கு வெறுப்பூட்டினாலும் கட்டுப்பாட்டின் பொருட்டு ஏற்பதாக அறிக்கை விட்டது. சில நாட்களில், பழைய குடியரசின் பிறந்தநாளான ஏப்ரல் 14-இல், கூடிய கம்யூனிஸ்டுக் கட்சியின் மத்தியக் குழு மன்னரின் கொடியை ஏற்றது.

ஜூன் 15 அன்று, 1936-க்குப் பின் முதல் சுதந்திரத் தேர்தல். 350 இடங்களில் சுவாரெஸின் மத்திய ஜனநாயக ஒன்றியம் 165, ஃபெலிபே கோன்சாலெஸின் சோஷலிஸ்டுகள் 118, கம்யூனிஸ்டுகள் 20, ஃப்ராகாவின் கூட்டணி 16. ஊரில் தன்னைத்தான் தேர்ந்தெடுப்பார்கள் என்று கணக்குப் போட்டவர்களின் கணக்கு அங்கே முடிந்தது. மூத்த உறுப்பினர்கள் தலைமை தாங்கிய முதல் கூட்டத்தில் மேடையில் அமர்ந்தவர்களில் ஒருவர் கம்யூனிஸ்டு தொலோரெஸ் இபார்ரூரி. வயது 81. 1936-இல் அஸ்தூரியாஸிலிருந்து இதே அவைக்கு வந்தவர். மாஸ்கோவில் பல ஆண்டுகள் கழித்துவிட்டு, அதே அஸ்தூரியாஸிலிருந்து மறுபடியும் வந்திருந்தார்.

எல்லோருக்கும் கொஞ்சம் குறை

தேர்தல் முடிந்தபோது பணவீக்கம் ஆண்டுக்கு 25 விழுக்காட்டைச் சுற்றிக்கொண்டிருந்தது. அக்டோபர் 25 அன்று எல்லாக் கட்சிகளும் பிரதமர் இல்லமான மொன்க்ளோவா மாளிகையில் ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டன. ஏற்கெனவே ஏறிவிட்ட விலைக்கு ஏற்ப அல்லாமல், எதிர்பார்க்கப்படும் விலையேற்றத்துக்கு ஏற்பவே கூலி உயரும் என்பதைத் தொழிலாளர் தரப்பு ஏற்றது. பதிலாக வரிச் சீர்திருத்தம், சமூகப் பாதுகாப்பு, உரிமைகள் என்று வாக்குறுதிகள் வந்தன. கூலியைக் கட்டுப்படுத்தும் வேலையைக் கம்யூனிஸ்டுகள் முன்னின்று செய்த வினோதத்தை ஐரோப்பா வியந்து பார்த்தது.

அரசியலமைப்பு வரைவை எழுத ஏழு பேர். சுவாரெஸின் கட்சியிலிருந்து மூவர், சோஷலிஸ்டு ஒருவர், கம்யூனிஸ்டு ஒருவர், கட்டலான் தேசியவாதி ஒருவர், பிராங்கோவின் முன்னாள் அமைச்சரான ஃப்ராகா. முட்டுக்கட்டை விழுந்தபோது, 1978 மே மாதத்து இரவொன்றில் அரசின் துணைப் பிரதமர் அப்ரில் மார்த்தோரெலும் சோஷலிஸ்டு அல்ஃபோன்சோ கெர்ராவும் மாட்ரிட் உணவகம் ஒன்றில் உட்கார்ந்து விதி விதியாகப் பேசி முடித்தார்கள். அவையில் திறந்து பேச வேண்டியதை மேசையில் பேசி முடிக்கிறார்கள் என்ற குறை அப்போதே எழுந்தது.

இரண்டாவது விதி அந்தப் பேரத்தின் தழும்பு. ஸ்பெயின் தேசத்தின் 'பிரிக்க முடியாத ஒற்றுமை'யை அறிவிக்கும் அதே வாக்கியம், 'தேசியங்களுக்கும் வட்டாரங்களுக்கும்' தன்னாட்சி உரிமையையும் தருகிறது. எது தேசியம், எது வட்டாரம்? சொல்லவில்லை. கட்டலோனியாவுக்கும் பாஸ்க் நாட்டுக்கும் கொடுத்ததை மற்றவர்களும் கேட்டார்கள். 'எல்லோருக்கும் காபி' என்று ஸ்பானியர்கள் சொல்லும் முறையில் 17 தன்னாட்சி வட்டாரங்கள் உருவாயின. 2017-இல் கட்டலோனியாவில் தனிநாடு கேட்டு வெடித்த மோதலின் விதை அந்தச் சொல்லாத சொல்லில் கிடந்தது.

1978 டிசம்பர் 6 பொது வாக்கெடுப்பில் வாக்களித்தவர்களில் சுமார் 88 விழுக்காட்டினர் ஆதரித்தார்கள். பாஸ்க் நாட்டில் மட்டும் பாதிக்கும் மேற்பட்டோர் வாக்களிக்கவே போகவில்லை. புதிய அரசியலமைப்பின் நீக்கல் விதி ஒரே மூச்சில் பிராங்கோவின் ஏழு அடிப்படைச் சட்டங்களையும் ரத்து செய்தது. அவற்றைத் திறந்துவிட்ட எட்டாவது சட்டத்தையும் அதே பத்தியில் ரத்து செய்தது.

கூரையில் துளைகள்

ரத்தமில்லாத மாற்றம் என்று இதைச் சொல்வது வழக்கம். சரியில்லை. தீவிர வலதுசாரிகள், காவல்துறை, எடா என்று எல்லாப் பக்கமும் சேர்ந்து அந்த ஆண்டுகளில் நூற்றுக்கணக்கானோரைக் கொன்றார்கள். எடாவின் 800-க்கும் மேற்பட்ட கொலைகளில் மிகப் பெரும்பாலானவை பிராங்கோ இறந்த பின் நடந்தவை. 1980-இல் மட்டும் 90-க்கும் மேல். கொல்லப்பட்டவர்களில் ராணுவ, காவல் அதிகாரிகள் ஏராளம். ஒவ்வோர் இறுதிச் சடங்கும் படைமுகாமில் புகைச்சலைக் கூட்டியது.

1981 பிப்ரவரி 23, மாலை 6.23. சுவாரெஸ் பதவி விலகி, அவையில் புதிய பிரதமருக்கான பெயர் வாக்கெடுப்பு நடந்துகொண்டிருந்தது. லெப்டினன்ட் கர்னல் அந்தோனியோ தெஹேரோ துணைராணுவத்தினரோடு உள்ளே நுழைந்தார். இரண்டாண்டு முன்பு ஒரு சதியில் பிடிபட்டு, சில மாதச் சிறையோடு தப்பியவர். கூரையைப் பார்த்துச் சுட்டார்கள். உறுப்பினர்கள் இருக்கைக்கு அடியில் படுத்தார்கள். துணைப் பிரதமர் ஜெனரல் குத்தியெரெஸ் மெல்யாதோ, 68 வயது, ஆயுதம் ஏந்தியவர்களை நோக்கி நடந்து போய் வெளியேறச் சொல்லி அதட்டினார். சுவாரெஸ் தன் இருக்கையில் உட்கார்ந்தே இருந்தார். எதிர்வரிசையில் கரீயோவும் உட்கார்ந்தே இருந்தார். தொலைக்காட்சி கேமரா ஒன்று அணைக்கப்படாமல் சுமார் அரைமணி நேரம் அனைத்தையும் பதிந்தது. பிராங்கோவின் தளபதி ஒருவர், பிராங்கோவின் இயக்கத் தலைவர் ஒருவர், பிராங்கோவின் முதல் எதிரி ஒருவர். 2009-இல் ஹவியேர் செர்காஸ் இந்த மூவரின் கணத்தை வைத்தே ஒரு முழு நூல் எழுதினார்.

வலென்சியாவில் ஜெனரல் மிலான்ஸ் தெல் போஸ்ச் டாங்கிகளைத் தெருவில் இறக்கினார். நள்ளிரவு தாண்டி 1.14 மணிக்கு மன்னர் படைத்தலைவரின் சீருடையில் தொலைக்காட்சியில் தோன்றிக் கலகத்தை நிராகரித்தார். பிராங்கோ நியமித்தவர் என்ற காரணத்தாலேயே தளபதிகள் அவர் சொல்லைக் கேட்டார்கள். மறுநாள் நண்பகலில் உறுப்பினர்கள் வெளியே வந்தார்கள். அடுத்த ஆண்டு அக்டோபர் தேர்தலில் சோஷலிஸ்டுகள் 202 இடங்களோடு வென்று ஆட்சி அமைத்தபோது எந்தப் படைமுகாமும் அசையவில்லை. கூரையில் அந்தத் துப்பாக்கிக் குண்டுத் துளைகளை மூடாமல் விட்டிருக்கிறார்கள். ஹராகிரி வாக்கெடுப்பு நடந்த அதே அவைதான்.

பாக்கி

எந்த ஆட்சியும் வீழவில்லை என்றால், எவரும் கூண்டில் ஏறவில்லை என்று பொருள். 1977 அக்டோபரில் வந்த பொதுமன்னிப்புச் சட்டம் அரசியல் கைதிகளை விடுவித்தது. சிறையிலிருந்து வந்திருந்த கமாச்சோ, கம்யூனிஸ்டுகள் சார்பில் அதை ஆதரித்து அவையில் பேசினார். மன்னிப்பைக் கேட்டுப் போராடியவர்களே இடதுசாரிகள்தான். 296 பேர் ஆதரவு, 2 பேர் எதிர்ப்பு. ஆனால் அதே சட்டத்தின் இரண்டு உட்பிரிவுகள், மக்களின் உரிமைகளுக்கு எதிராக அதிகாரிகளும் காவலர்களும் செய்த குற்றங்களையும் மன்னித்தன. கைதியும் அவரை அடித்தவரும் ஒரே கதவால் வெளியே வந்தார்கள். நீதிபதிகள் மாறவில்லை, காவல் அதிகாரிகள் மாறவில்லை, தெருப் பெயர்கள்கூட மெதுவாகத்தான் மாறின.

அதை அன்றைக்குக் கோழைத்தனம் என்று சொல்வது எளிது. 1977-இல் படைமுகாம் சாவி யார் கையில் இருந்தது என்பதை 1981 காட்டியது. ஆனால் தற்காலிகமாகப் போட்ட துணி, புண் ஆறிய பிறகும் எடுக்கப்படவில்லை என்பதும் உண்மை. 2000 அக்டோபரில் லியோன் மாகாணத்தின் பிரியரான்சா தெல் பியேர்சோ என்ற ஊரில், 1936-இல் சுடப்பட்ட தன் தாத்தாவைத் தேடிய ஒரு பேரனின் முயற்சியால் சாலையோரக் குழி ஒன்று தோண்டப்பட்டது. 13 பேரின் எலும்புகள் கிடைத்தன. அதன் பின் நாடெங்கும் குழிகள் திறக்கத் தொடங்கின. 2008-இல் காணாமற்போனோர் 1,14,000-க்கும் மேல் என்று பட்டியலிட்டு விசாரணை தொடங்கிய நீதிபதி பல்தசார் கார்சோன், பொதுமன்னிப்புச் சட்டத்தை மீறியதாகத் தானே குற்றவாளிக் கூண்டில் ஏற நேர்ந்தது, 2012-இல் விடுவிக்கப்பட்டார். போரில் மாண்ட தாத்தாவைப் பற்றி ஒரு பேரன் பேசலாமா என்பதே அப்போதும் கட்சிச் சண்டையாக இருந்தது.

பிராங்கோவின் உடல் மாட்ரிட்டுக்கு அருகே மலைக்குள் குடைந்த 'வீழ்ந்தோர் பள்ளத்தாக்கு' பேராலயத்தில், பலிபீடத்துக்கு அருகே கிடந்தது. அதைக் கட்ட அரசியல் கைதிகளின் உழைப்பும் பயன்பட்டது. போரில் இறந்த 33,000-க்கும் மேற்பட்டோரின் எலும்புகளும் அங்கே இருக்கின்றன. அவர்களில் தோற்ற தரப்பினர் பலர் குடும்பத்துக்குத் தெரியாமல் கொண்டுவரப்பட்டவர்கள். 2018 ஆகஸ்டில் அரசு உடலை அகற்ற ஆணைச்சட்டம் போட்டது. செப்டம்பரில் அது அவைக்கு வந்தபோது எதிர்த்தவர்கள் 2 பேர். விலகி நின்றவர்கள் 160-க்கும் மேல். குடும்பத்தார் வழக்குப் போட்டார்கள். மாதக்கணக்கில் வாதம் நடந்து, 2019 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அனுமதித்தது.

அக்டோபர் 24 அன்று குடும்பத்தார் சவப்பெட்டியைத் தோளில் சுமந்து பேராலயப் படிகளில் இறங்கினார்கள். ராணுவ மரியாதை இல்லை. அரசின் சார்பில் நீதி அமைச்சர் சாட்சியாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஹெலிகாப்டர் பெட்டியை ஏற்றிக்கொண்டு எல் பார்தோவில் உள்ள மிங்கோர்ரூபியோ இடுகாட்டுக்குப் பறந்தது. மனைவி கார்மென் போலோ புதைக்கப்பட்டிருந்த குடும்பக் கல்லறையில் அதை இறக்கினார்கள். அதே இடுகாட்டில் கரேரோ பிளாங்கோவும் அரியாஸ் நவாரோவும் ஏற்கெனவே இருந்தார்கள்.